பூங்காவனத்தம்மன்

இராஜபாளையம்
10-6-2024

அன்புள்ள மருமகன் விமலுக்கு,

சௌந்தரபாண்டியன் எழுதுகிறேன். உடம்புக்குச் சுகந்தானே? எனக்குச் சர்க்கரை ஏறுகிறது, இறங்குகிறது. ஆள் நடமாட்டமாகத்தான் இருக்கிறேன். கடிதத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். போனில் பேசலாம் என்றால், உங்கள் பேர் காதில் விழுந்தாலே மாரிசெல்வி வீட்டை இரண்டாக்கிவிடுகிறாள். நீங்கள் இருவரும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. மகள் வீட்டில் சோறு தின்கிறவன் நான், வாயைத் திறக்க முடியுமா?

நேற்று நடந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கோர்ட்டில் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தீர்கள். எங்கள் வீட்டுக்கு எதிர்ப் பூங்காவில் பேத்தி வல்லியை ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். சறுக்குமரத்தடியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த கருத்தப்பாண்டி கிளாஸைத் தூக்கிக் காட்டி, "ஏலே விமலு, பழசெல்லாம் மறந்து போச்சால? வா, ஒரு ரவுண்டு போட்டுட்டுப் போ" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதையும் பார்த்தேன்.

ஆனால் வல்லி வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ரவுண்டு போடுறதுன்னா என்னம்மா?" போதாதா? மாரிசெல்வி குதித்துவிட்டாள். "குடிச்சுத்தான் குடும்பத்தக் கெடுத்தாரு. இப்பம் குடிகாரப் பயலுவ மத்தியில வச்சுத்தான் பிள்ளையக் கொஞ்சணுமாக்கும்? வக்கீல்ட்ட சொல்லி இதுக்கு ஒரு முடிவு கட்டுதேன்" என்றாள்.

அவளை என்னால் அடக்க முடியாது. பூங்காவை அடக்க முடியுமா என்று பார்க்கிறேன். பதிலைப் பொன்னுராஜ் சலூன் முகவரிக்கு எழுதுங்கள். அவன் ஒரு வார்த்தை வெளியே விடமாட்டான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மாமா,
சௌந்தரபாண்டியன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
15-6-2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

விமல் வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்வதால் கால் கொஞ்சம் வீங்குகிறது. மற்றபடி ஒன்றுமில்லை. நீங்கள் மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

கருத்தப்பாண்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவன் கூப்பிடுவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்த ஆள் நான். இரண்டு வருஷமாகத் தொடவில்லை. அதை நம்பு என்று மாரிசெல்வியிடம் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

எங்கள் கடை கோர்ட்டுக்கு எதிரில் இருக்கிறது. தினமும் எத்தனையோ மனுக்கள் என் கையில் வருகின்றன. 'குழந்தையின் பாதுகாப்பு' என்று இரண்டு வார்த்தை போதும் மாமா. மணலில் பாட்டில் சில்லு கிடப்பதைப் போட்டோ எடுத்து வைத்தால் என் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளெல்லாம் ஓடுகிறது. அது போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

வல்லிக்குப் பால்கோவா அலுத்துவிட்டதாம். "எப்பப் பாத்தாலும் இதுதானாப்பா? வேற கடையே இல்லையா உங்க ஊர்ல?" என்று கேட்கிறாள். இனிமேல் கடலை மிட்டாய் வாங்கி வருகிறேன்.

மாரிசெல்விக்கு அந்த ஒற்றைத் தலைவலி இன்னும் வருகிறதா? இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பணிவுடன்,
விமல்


இராஜபாளையம்
9-7-2024

அன்புள்ள மருமகனுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். இங்கே மூன்று பேரும் சுகம். மாரிசெல்விக்குத் தலைவலி வரத்தான் செய்கிறது. பதில் வேண்டாம் என்றீர்கள், எழுதிவிட்டேன்.

பூங்கா விஷயத்துக்கு வருகிறேன். தெருக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். விளக்குப் போட்டுத் தந்தார்கள். மறுநாளே குடிகாரப் பயல்கள் கல்லால் அடித்து உடைத்துவிட்டார்கள். போலீஸ் ஜீப் வந்தால் எழுந்து போகிறார்கள், ஜீப் போனதும் வந்து உட்காருகிறார்கள். நானே கம்பை எடுத்துக்கொண்டு போனேன். மில்லில் ஒரு ஷிப்ட் ஆட்களை மேய்த்த மேஸ்திரி இல்லையா! "பெருசு, கால் வலிக்கும், செத்த உக்காருங்க. சுண்டல் திங்கேளா?" என்று பொட்டலத்தை நீட்டுகிறான் கருத்தப்பாண்டி. மரியாதையாகத்தான் கேட்டான், அதுதான் எரிச்சல்.

போன வாரம் ஒரு பிள்ளை காலில் கண்ணாடி ஏறித் தையல் போட்டார்கள். அதோடு தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். "ஆடி பொறக்கட்டும், வக்கீலப் பாக்கப் போறேன்" என்றாள் மாரிசெல்வி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்போதுதான் எங்கள் பழைய மில் காம்பவுண்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. ஒண்ணுக்கிருக்கிற ஆட்களை எப்படித் திட்டியும் நிறுத்த முடியவில்லை. சாமிப் படம் போட்ட டைல்ஸ் பதித்தார்கள், அன்றோடு ஒரு ஆள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நம் ஆட்கள் போலீசை ஏய்ப்பார்கள், சாமியை ஏய்க்கமாட்டார்கள்.

உங்கள் அத்தை மாவாட்டிய ஆட்டுரல் கொல்லையில் சும்மா கிடக்கிறது. கிரைண்டர் வந்தபின் யார் அதைத் தொடுகிறார்கள்? குழவியைத் தூக்கிக்கொண்டு விடியுமுன் பூங்காவுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் பாதி புதைத்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். மாரிசெல்வி வேலை பார்க்கும் தளவாய்புரம் நைட்டிக் கம்பெனியிலிருந்து வெட்டுத்துணி கொண்டுவருவாளே, அதில் ஒரு சிவப்புத் துண்டைச் சுற்றிவிட்டேன். பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன்.

சாயங்காலம் பாட்டிலோடு வந்த கூட்டம் மரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. முதலில் செருப்பைக் கழற்றியவன் கருத்தப்பாண்டி. "ஏலே, அம்மா வந்து உக்காந்திருக்கா. எடத்தக் காலி பண்ணுங்கலே!" என்றான். அன்றிலிருந்து ஒரு குடிகாரன் உள்ளே வருவதில்லை. உங்கள் அத்தை இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அவள் இட்லிக்கு ஆட்டிய கல்!

இனி தைரியமாக வாருங்கள்.

அன்பு மாமா,
சௌந்தரபாண்டியன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
29-7-2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். கால் பரவாயில்லை. ஸ்டூல் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். முதலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் சிரித்து அவர் பார்த்ததில்லை.

இந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் என் வாழ்நாளுக்குப் போதும். பூங்கா நிறையப் பிள்ளைகள். நேற்று வல்லி சறுக்குமரத்தில் தலைகீழாக வருவேன் என்று அடம் பிடித்தாள். வேண்டாம் என்றேன். "நீங்க கீழ நின்னு பிடிச்சுக்கோங்கப்பா, அப்பம் ஒண்ணும் ஆகாது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். என்னை நம்பி ஒரு ஆள் தலைகீழாக வருகிறது மாமா. பஸ்ஸில் திரும்பும்போது அழுதுவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன்.

போகும்போது எப்போதும்போல் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். நீங்களும் தூக்கினீர்கள்.

ஒன்றுதான் மனதில் கிடந்து உறுத்துகிறது. சாமி விஷயம். ஆடி மாதம் வேறு. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
விமல்


இராஜபாளையம்
19-8-2024

அன்புள்ள மருமகனுக்கு,

சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் திட்டுகிறார். எல்லாம் பூங்காவில் கொடுக்கிற சர்க்கரைப் பொங்கல். நீங்கள் சுகந்தானே?

உங்கள் உறுத்தல் சரியாகத்தான் இருந்தது. முதல் வெள்ளிக்கிழமை பக்கத்து ராஜு வீட்டம்மா தெலுங்கில் "அம்மவாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு விளக்கு வைத்தார். ஒரு விளக்குத்தானே என்று இருந்தேன். அடுத்த வெள்ளி பத்து விளக்கு. பிறகு கூழ் காய்ச்சினார்கள். பிள்ளைகளும் ஆசையாய்க் குடித்தார்கள், நானும் குடித்தேன். பூங்காவனத்தம்மன் என்று பேரும் வைத்தாயிற்று. பூசாரி யார் தெரியுமா? கருத்தப்பாண்டி! கையில் காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டியில் நிற்கிறான். சொட்டு தொடுவதில்லையாம். பார்த்தால் எனக்கே கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் போன வாரம் பிள்ளைகள் அடித்த பந்து விளக்கில் பட்டுவிட்டது. "அம்மா முன்னாடி பந்து வெளையாடப்படாது" என்று சொல்லிவிட்டான். பொங்கல் வைக்க இடம் போதவில்லை என்று பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் ஏற்றப் பலகையைப் பிடுங்கிச் சுவரோரம் சாத்திவிட்டார்கள். தெருக்காரர்கள்தான், எல்லோரும் நல்லவர்கள்தான். யாரைப் பிடித்துச் சண்டை போடுவது?

குழவியைக் கமுக்கமாக எடுத்துவிடலாம் என்று போய்ப் பார்த்தேன். சிமெண்டு வைத்துப் பீடம் கட்டிவிட்டார்கள். கையை வைத்தேன், அசையவில்லை.

ஊஞ்சல் இருக்கிறது. நீங்கள் வழக்கம்போல் வாருங்கள்.

அன்பு மாமா,
சௌந்தரபாண்டியன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14-10-2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். சுகமாக இருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று அம்மன் கோயில் கூட்டத்தில் வல்லி கொஞ்ச நேரம் காணாமல் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊஞ்சலை எடுத்துவிட்டுக் கொட்டகை போட்டது எனக்குத் தெரியாது. எங்கே உட்காரலாம் என்று பார்ப்பதற்குள் கையை விட்டுவிட்டாள். அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையது. மாரிசெல்வி இறங்கி வந்து ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேறு விசேஷம் இல்லை.

பணிவுடன்,
விமல்


இராஜபாளையம்
12-11-2024

அன்புள்ள மருமகனுக்கு,

தீபாவளிக்கு ஒரு வரி வரும் என்று பொன்னுராஜ் சலூனில் போய்ப் போய் உட்கார்ந்தேன். வெட்டுவதற்கு முடி இல்லாத தலைக்கு மூன்று தடவை முடி வெட்டிக்கொண்டேன். உடம்பு சரியில்லையா? அல்லது என்மேல் கோபமா? கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன்.

மாரிசெல்வி பிள்ளையை அனுப்புவதில்லை. நீங்கள் வருகிறீர்களா, இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்தத் தகரக் கொட்டகை என் ஜன்னலை அடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஜன்னலில் போய் நின்று தகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் மண்டபம் கட்ட ஒரு கூட்டம் போட்டார்கள். சறுக்குமரத்தையும் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "அது சாமி இல்லைய்யா. என் வீட்டு ஆட்டுரல் குழவி. குடிகாரனுவள வெரட்ட நான்தான் கொண்டாந்து நட்டேன். என்னைய என்ன வேணா செய்ங்க, பிள்ளைகளுக்கு எடத்தை விட்டுருங்க."

அடிப்பார்கள் என்று நினைத்தேன். கருத்தப்பாண்டி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர். "பெரியவரே, எம்புட்டுக் கல்லு கெடக்கு ஊருக்குள்ள! அதைத்தான் எடுக்கணும்னு ஒங்களுக்கு ஏன் தோணுச்சு? அவதான் ஒங்க கையப் பிடிச்சுத் தூக்க வச்சிருக்கா" என்றான். கூட்டம் குலவை போட்டது. அவன் பெண்டாட்டி என் காலில் விழுந்து, "எந் தாலியக் காப்பாத்திக் குடுத்தீய" என்று அழுதாள். அவளிடம் போய் அது வெறும் கல் என்று மறுபடி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போது கோயில் சாவி என்னிடம். சாயங்காலமானால் என் வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள், திருநீறு பூசச் சொல்லி.

வீட்டுக்கு வந்தால் மாரிசெல்வி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "அது அம்மா குழவின்னு எனக்கு மொத வெள்ளிக்கிழமையே தெரியும்ப்பா" என்றாள். "பொறவு ஏம்மா ஒண்ணும் சொல்லல?" என்றேன். கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள். "பிள்ளை ஊஞ்சல் ஆடுறா, ஆடட்டும்னு இருந்தேன்" என்றாள்.

பிள்ளையை மட்டும்தான் சொன்னாள். நானும் மேலே கேட்கவில்லை.

நான் செய்ததெல்லாம் உங்கள் தலையில் விடிந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள் மாமா,
சௌந்தரபாண்டியன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20-12-2024

அன்புள்ள மாமா,

வணக்கம். கோபம் இல்லை. எழுதினால் உள்ளதை எழுத வேண்டும், உங்களுக்கு அது வேதனையாக இருக்கும், அதனால்தான் எழுதவில்லை. உங்கள் உடம்பு எப்படி? பொங்கலைக் கையில் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே வைத்துவிடுங்கள், சாப்பிடாதீர்கள்.

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன் மாமா. வல்லியை அனுப்பமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்தேன். கொட்டகைக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஆறு மணிக்குத் திரும்பிவிடுவேன். ஒரு தடவை கருத்தப்பாண்டி பார்த்துவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தான். "இங்க வந்து போ விமலு, ஒனக்கும் ஒரு வழி காட்டுவா" என்றான். அவன் திருந்திவிட்டான். அவனிடம் எதைச் சொல்லி வருத்தப்படுவது?

கடைசியில் நானே மனுப் போட்டேன், வேறு இடம் கேட்டு. மாரிசெல்வி தரப்பில் மறுக்கவில்லை. ஜட்ஜம்மா நல்ல விதமாகத்தான் பேசினார். பூங்கா இல்லை என்று ஆகிவிட்டதால், இனி இங்கே கோர்ட்டு வளாகத்தில் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று இருக்கிற அறையில், மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு மணி நேரம். இரண்டு தரப்பும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளக் கூடாது. நான் முதலிலேயே உள்ளே போய்விட வேண்டும். பிள்ளையைக் கூட்டி வருகிறவர் வெளியே உட்கார வேண்டும். அங்கே வேலை பார்க்கும் அம்மா வல்லியை உள்ளே அழைத்து வருவார்.

வாரம் இரண்டு மணி நேரம் போய், மாதம் ஒரு மணி நேரம். இல்லாமல் போவதற்கு இது மேல். நீங்கள் எனக்காகச் செய்ததை நான் ஒருநாளும் தப்பாக நினைக்கமாட்டேன். இதுவரை எனக்காக ஒரு ஆள் ஒரு கல்லைக்கூடத் தூக்கியதில்லை.

அன்புடன்,
விமல்


இராஜபாளையம்
5-1-2025

அன்புள்ள மருமகனுக்கு,

சுகந்தானே? நேற்று உங்களைப் பார்க்காமலே வந்துவிட்டேன், அதனால் கேட்கிறேன்.

வல்லியைக் கூட்டி வந்தது நான்தான். மாரிசெல்விக்குப் பொங்கல் ஆர்டர் அவசரம், சனிக்கிழமையும் கம்பெனிக்குப் போக வேண்டும். "நீங்க கூட்டிட்டுப் போங்கப்பா. ஆனா அவருகிட்ட ஒரு வார்த்தை பேசப்படாது. பிள்ளை தலைல கை வச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று போட்டேனோ! அந்த அம்மா வல்லியை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். கதவை ஒட்டி இடது பக்கம் ஒரு பெஞ்சு. அதில் ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது. என்னைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம் என்று வல்லியிடம் சொல்லி அனுப்பியிருந்தேன், நீங்கள் சங்கடப்படுவீர்கள் என்று. ஏதோ கீழே விழுந்தது. "அப்பா, இந்தக் காருக்குச் சக்கரமே இல்ல!" என்று வல்லி சிரித்தாள். அவ்வளவு நாள் கழித்து அப்படிச் சிரித்தாள். நீங்களும் என்னவோ சொன்னீர்கள். எனக்குப் பிடிபடவில்லை. மில் இரைச்சலில் கிடந்த காது, நீங்களும் மெதுவாகப் பேசுகிற ஆள். காதைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். அந்த வழியே போன வக்கீல் ஒருவர், கழுத்துச் சுளுக்கா தாத்தா என்று கேட்டார்.

நேரம் முடிந்ததும் எங்களை முதலில் அனுப்பிவிட்டார்கள். வல்லி பஸ்ஸில் என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் சாவிக்காக வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். எல்லோரும் காலில் விழுகிறார்கள். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை.

உங்களுக்காகத்தான் கல்லை நட்டேன் என்று எழுதினீர்கள். பாதிதான் சரி மருமகனே. உங்கள் அத்தை போனபிறகு வாரத்தில் ஒருநாள், ஒரு ஆள் என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்துக் கையைத் தூக்கியது. அதை விட்டுவிட மனசில்லை. மீதிப் பாதி எனக்காக.

அடுத்த மாதமும் நானே கூட்டி வருவேன். மாரிசெல்வியிடம் இப்போதே கேட்டு வாங்கிவிட்டேன். அதே பெஞ்சில்தான் இருப்பேன். உள்ளே வல்லியிடம் பேசும்போது கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்.

உங்கள் மாமா,
சௌந்தரபாண்டியன்